நுண்கம்பியும் சூரிய சக்தியும்

சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் தொழில் இன்று உலகத்தின் பெருந்தொழில்களுள் ஒன்று. அத்தொழில் யார் கையில் இருக்கிறது என்பதை நேயர்கள் அறிவர். சர்வதேச எரிசக்தி ஸ்தாபனம் 2022-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஸிலிக்கானைச் சுத்தி செய்வது முதல் பலகையைப் பூட்டி முடிப்பது வரையில் ஒவ்வொரு படியிலும் சீன தேசத்தின் பங்கு நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டது. இதன் பொருட்டுச் சீனர்களை நாம் குறைகூறப் போவதில்லை. அவர்கள் உழைத்தார்கள், முதல் போட்டார்கள், நஷ்டத்தையும் தாங்கினார்கள். ஆனால், ஒரு வித்தை பிறர் கையில் முற்றிலும் முதிர்ந்த பிறகு அதனிடம் போய் நிற்பவனுக்கு வியாபாரி ஸ்தானம் கிடைக்குமேயன்றி, வித்தைக்காரன் ஸ்தானம் கிடைப்பது அரிது. ஆகவே, இன்னும் முதிராத, எவரும் முற்றும் கைப்பற்றாத ஒரு வித்தையைப் பற்றி இன்று எழுதத் துணிகிறோம். செமிகண்டக்டர் நுண்கம்பிகளைக் கொண்டு சூரிய மின்கலம் செய்வதே அவ்வித்தை.

புதியதன் பெருமையை அறிய வேண்டுமாயின் பழையதன் குறையை அறிய வேண்டும். 1954-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் பெல் பரிசோதனைச் சாலையைச் சேர்ந்த சாபின், புல்லர், பியர்ஸன் என்ற மூவர் தங்கள் ஸிலிக்கான் மின்கலத்தை உலகத்துக்குக் காட்டினர். தன்மீது விழுந்த சூரிய சக்தியில் நூற்றுக்குச் சுமார் 6 பங்கை அது மின்சாரமாக்கியது. அன்று முதல் படிப்படியாக உயர்ந்து, இன்று பரிசோதனைச் சாலைகளில் மிகச் சிறந்த ஸிலிக்கான் மின்கலம் 27 பங்குக்கு மேல் தருகிறது. ஆயினும், இவ்வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே வகைப் பொருளாற் செய்த ஒற்றை மின்கலம், சாதாரண வெளிச்சத்தில், எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும் நூற்றுக்குச் சுமார் 33 பங்குக்கு மேல் தர இயலாது. ஷாக்லி, க்வைஸர் என்ற இருவர் 1961-ம் வருஷத்தில் வகுத்த கணக்கின் வழிவந்த எல்லை இது. ஸிலிக்கான் அந்த எல்லையை நெருங்கிவிட்டது.

ஸிலிக்கானுக்கு மற்றொரு குறையும் உண்டு. வெளிச்சத்தை விழுங்குவதில் அது மந்தமான பொருள். ஆதலால், சுமார் 150 மைக்ரான் கனமுள்ள தகடாக அதை அறுக்க வேண்டியிருக்கிறது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காலியம் ஆர்ஸினைடு, இண்டியம் பாஸ்பைடு முதலிய கூட்டுப் பொருள்களோ வெளிச்சத்தை ஆவலோடு விழுங்குவன. அவற்றில் சில மைக்ரான் கனமே போதும். 2018-ம் வருஷத்தில் ஆல்ட்டா டிவைஸஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி காலியம் ஆர்ஸினைடு ஒற்றை மின்கலத்தில் நூற்றுக்கு 29.1 பங்கு எடுத்துக் காட்டியது. குணத்தில் உயர்ந்த இப்பொருள்கள் விலையிலும் உயர்ந்தவை. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களுக்கு அவை கட்டும். குடியானவன் வீட்டுக் கூரைக்குக் கட்டா.

குணத்தில் உயர்ந்த பொருளை மிகச் சிறிதளவே உபயோகித்து முழுப் பலனையும் அடைய வழியுண்டா? இக்கேள்விக்கு விடையாக வந்ததே நுண்கம்பி. இதை வளர்க்கும் முறைக்கு மூலம் 1964-ம் வருஷத்தில் பெல் சாலையைச் சேர்ந்த வாக்னர், எல்லிஸ் என்ற இருவர் கண்ட ஓர் உண்மை. ஸிலிக்கான் தகட்டின்மேல் ஒரு துளி பொன்னை வைத்து, சூடாக்கி, ஸிலிக்கான் கலந்த ஆவியைச் செலுத்தினால், அவ்வாவியிலுள்ள ஸிலிக்கான் பொன் துளியிற் கரைந்து, அதன் அடியிற் படிந்து, துளியைத் தலையில் தாங்கிக்கொண்டு கம்பியாக மேலெழும்புகிறது. மயிர் போல் முளைத்தது பற்றி அதற்கு மீசைமயிர் என்ற பொருளுள்ள பெயரையே அவர்கள் வழங்கினர். பிற்காலத்தில் இம்முறையைக் கூட்டுப் பொருள்களுக்கும் பிரயோகித்து, பல தேசத்துப் பரிசோதனைச் சாலைகள் ஒழுங்கான வரிசையில் கோடிக்கணக்கான கம்பிகளை நட்டு வளர்க்கக் கற்றன.

அவற்றுள் முன்னணியில் நின்றது ஸ்வீடன் தேசத்தில் லுண்ட் நகரத்துச் சர்வகலாசாலை. 2013-ம் வருஷத்தில் அச்சர்வகலாசாலையார் பிற ஸ்தாபனத்தாருடன் கூடிச் செய்த பரிசோதனை இத்துறையில் ஒரு கட்டத்தைக் குறித்தது. இண்டியம் பாஸ்பைடு கம்பிகள். ஒவ்வொன்றும் சுமார் 180 நானோமீட்டர் குறுக்களவும் ஒன்றரை மைக்ரான் உயரமும் உடையவை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு செய்தால் அதில் ஒரு கூறு நானோமீட்டர். மனிதனுடைய தலைமயிர் இக்கம்பியைப் போல் நானூறு மடங்கு தடிப்புள்ளது எனலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் சுமார் 40 லட்சம் கம்பிகள் நின்றன. அப்படி நின்றும் நிலத்தில் நூற்றுக்கு 12 பங்கையே அவை மறைத்தன; மீதி 88 பங்கு வெற்றிடம். அவ்வாறிருந்தும் அந்த மின்கலம் நூற்றுக்கு 13.8 பங்கு திறன் காட்டியது.

நிலத்தில் எட்டில் ஒரு பங்கை மறைக்கும் பொருள், முழு நிலத்திலும் விழும் வெளிச்சத்தின் பெரும்பகுதியைப் பிடிப்பது எங்ஙனம்? வெளிச்சத்தை நேர்கோட்டிற் பாயும் அம்பென்று கருதினால் இது விளங்காது. வெளிச்சம் ஓர் அலை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அலை நீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். அவ்வலையைவிடக் குறுகிய கம்பி, ரேடியோப் பெட்டிக்காக வீட்டின்மேற் கட்டும் ஏரியல் கம்பியைப் போல் வேலை செய்கிறது. ஏரியல் கம்பி மெல்லியதாயினும் தன்னைச் சுற்றிச் செல்லும் அலையைத் தன்பால் இழுத்துக்கொள்கிறதன்றோ? நுண்கம்பியும் பக்கத்தே போகும் வெளிச்சத்தை உள்ளே இழுத்துக் கீழ்நோக்கி நடத்துகிறது. கம்பியின் பருமனையும் இடைவெளியையும் சரியாக அமைத்தல்தான் இதிலுள்ள சூட்சுமம்.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தை விலக்குவது நமது கடமை. அதே 2013-ம் வருஷத்தில் டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகன் நகரிலுள்ள நீல்ஸ் போர் கழகத்தாரும் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து லோஸான் நகரத்துப் பொறியியற் கழகத்தாரும் ஒரே ஒரு காலியம் ஆர்ஸினைடு கம்பியை ஸிலிக்கான் தகட்டின்மேல் நிறுத்திப் பரிசோதித்து, நூற்றுக்கு 40 பங்கு திறன் காணப்பட்டதாக வெளியிட்டனர். ஷாக்லி, க்வைஸர் எல்லை தகர்ந்ததென்று அப்போது பலர் ஆரவாரித்தனர். உண்மை என்ன? அந்தக் கணக்கு, கம்பியின் தலை மறைக்கும் இடத்தின்மேல் விழுந்த வெளிச்சத்தை மட்டும் வரவாக வைத்துச் செய்யப்பட்டது. பக்கத்து நிலத்தில் விழ வேண்டிய வெளிச்சத்தையும் கம்பி இழுத்துக்கொண்டபடியால் செலவு குறைந்து லாபம் மிகுந்ததாகத் தோன்றிற்று. பக்கத்துக் காட்டு வாய்க்காலிலிருந்து நீர் பாய்ச்சியவன் தன் குழி நிலத்து மகசூலைச் சொல்லுவது போன்றது இது. விஞ்ஞானிகள் இதைத் தெளிவாகவே எழுதினர், தலைப்பெழுதியவர்கள்தான் மறந்தனர். முழுப் பலகையும் நூற்றுக்கு 40 பங்கு தரும் என்று அதிலிருந்து அநுமானிக்க இடமில்லை.

ஆகவே நுண்கம்பியின் மெய்யான பெருமை வேறு. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். லுண்ட் மின்கலத்துக் கம்பிகளையெல்லாம் உருக்கிச் சமதளமாகப் பரப்பினால் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த கனமே தேறும். ஒரு சதுர மீட்டர் பலகைக்கு ஒரு கிராமுக்கும் குறைவான இண்டியம் பாஸ்பைடு போதும் என்பது இதன் பொருள். அதே பரப்புக்கு 150 மைக்ரான் ஸிலிக்கான் தகடு சுமார் 350 கிராம் எடைக்கு வரும். உயர்ந்த பொருளை மிகச் சொற்பமாக உபயோகித்தல், இதுவே முதற் பெருமை. இரண்டாவது பெருமை, ஸிலிக்கானின்மேல் காலியம் ஆர்ஸினைடைத் தகடாகப் படியவைத்தால் அணுக்களின் வரிசை ஒத்துவராமல் பழுதுகள் உண்டாகும். அடி சிறுத்த கம்பியோ அந்த நெருக்கடியைப் பக்கவாட்டில் தளர்த்திக்கொண்டு பழுதின்றி நிற்கும். ஆகவே பழைய ஸிலிக்கான் பலகையின்மேல் நுண்கம்பிப் படலத்தை ஏற்றி, நீல வெளிச்சத்தை மேலதும் சிவப்பு வெளிச்சத்தை கீழதும் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை மின்கலம் செய்யலாம். ஒற்றை மின்கலத்துக்கு விதித்த 33 பங்கு எல்லை இரட்டை மின்கலத்தைக் கட்டுப்படுத்தாது.

இனி எதிர்க்கட்சியின் சாக்ஷியத்தையும் கேட்போம். நுண்கம்பி மின்கலங்களின் திறன் உயர்ந்தே வந்தது. லுண்ட் நகரத்து ஸோல் வோல்ட்டாயிக்ஸ் கம்பெனி காலியம் ஆர்ஸினைடு கம்பிகளில் 15.3 பங்கை எட்டியது. 2016-ம் வருஷத்தில் ஹாலந்து தேசத்து ஐந்தோவன் நகரத்துப் பொறியியற் சர்வகலாசாலை இண்டியம் பாஸ்பைடு கம்பிகளில் 17.8 பங்கை வெளியிட்டது. எனினும், தகடாகச் செய்த ஸிலிக்கான் தரும் 27 பங்குக்கு இவை இன்னும் பின்னேதான் நிற்கின்றன. மெல்லிய கம்பியில் உள்ளளவைவிட மேற்பரப்பு மிகுதியாதலால் மின்சாரம் மேற்பரப்பிலேயே வீணாகிறது. அதைத் தடுக்க ஒவ்வொரு கம்பிக்கும் கவசம் போர்த்த வேண்டும். கம்பிகளை நடுவதற்கு வேண்டிய இண்டியம் பாஸ்பைடு தகடு, கம்பிகளைவிடப் பன்மடங்கு விலையுள்ளது. அதைத் திரும்பத் திரும்ப உபயோகிக்க வழி கண்டாலொழியச் சிக்கனம் ஏட்டளவில் நிற்கும்.

இத்தடையைத் தாண்ட லுண்ட் விஞ்ஞானிகள் ஒரு துணிவான மார்க்கம் கண்டனர். லார்ஸ் ஸாமுவேல்ஸன் என்பாரின் குழுவினர் 2012-ம் வருஷத்தில் வெளியிட்ட முறைப்படி, தகடே இல்லாமல், பாய்ந்து செல்லும் ஆவியில் மிதக்கும் பொன் துகள்களிலிருந்தே கம்பிகள் முளைக்கின்றன. விநாடிக்குச் சுமார் ஒரு மைக்ரான் வளர்ச்சி. முந்திய முறைகளைவிட இருபது முதல் ஆயிரம் மடங்கு வரை வேகம். இம்முறையைத் தொழிலாக்கவே 2008-ல் தோன்றிய மேற்படி ஸோல் வோல்ட்டாயிக்ஸ் கம்பெனி முயன்றது. கம்பிகளைத் திரவத்திற் கலந்து, படலத்தின்மேல் நிமிர்ந்து நிற்கச் செய்து, சாதாரணப் பலகையின்மேல் ஒட்டி அதன் திறனை உயர்த்துவது அவர்கள் நோக்கம். வைக்கோற்போரில் தாறுமாறாய்க் கிடக்கும் தாள்களையெல்லாம் ஒரே திசையில் நிமிர்த்தி நாற்று நட்டது போல் நிறுத்துவது எளிதா? அதிலும் ஓரளவு வெற்றி கண்டனர். ஆனால் 2019-ம் வருஷத்தில் அக்கம்பெனி திவாலாயிற்று.

இதன் காரணம் விஞ்ஞானத்தின் தோல்வி மட்டுமன்று. கம்பெனி தோன்றியதற்கும் மறைந்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் உலகச் சந்தையில் ஸிலிக்கான் பலகையின் விலை சுமார் பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. அமெரிக்காவில் ஸோலிண்ட்ரா என்ற கம்பெனி, அரசாங்கத்தார் 53 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனுக்கு ஜாமீன் நின்றும், 2011-ம் வருஷத்தில் இதே விலைச் சரிவில் மூழ்கியது. புதுத் தொழில் நடக்கப் பழகுமுன் பழைய தொழில் மலிவென்னும் வாளால் அதை வெட்டுகிறது. அந்த வாள் எதனாற் செய்யப்பட்டது? பல்லாண்டுகளாக ஒரு தேசம் நஷ்டத்துக்கு அஞ்சாமல் போட்ட மூலதனத்தால்.

"அப்படியாயின் நமக்கு ஏன் இந்த வீண் வேலை? மலிவான பலகையை வாங்கிக் கிராமங்களுக்கு விளக்கேற்றுவதே புத்திசாலித்தனம்" என்று கூறுவோர் உண்டு. இது அலக்ஷியம் செய்யத்தக்க வாதமன்று. 2010-ம் வருஷத்தில் தொடங்கிய தேசிய சூரிய சக்தித் திட்டம் 2025 ஜனவரியில் இந்தியாவின் சூரிய மின்சார ஸ்தாபனங்களை 1,00,000 மெகாவாட் அளவுக்கு மேல் கொண்டு சென்றதென்றால், அதில் மலிவான அந்நியச் சரக்குக்குப் பெரும் பங்குண்டு. இன்று பலகை பூட்டும் ஆலைகள் நம் தேசத்தில் பெருகிவிட்டன. திருநெல்வேலி ஜில்லா கங்கைகொண்டானிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும்கூட அவை உண்டு. பலகைகளை வாங்குவதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. வாங்குவதோடு நின்றுவிடுவதையே ஆக்ஷேபிக்கிறோம்.

ஏனெனில், நின்றுவிட்டதன் பலனை நாம் ஒரு தடவை அநுபவித்தாயிற்று. 1977-ம் வருஷத்திலேயே சாஹிபாபாதிலுள்ள ஸென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சர்க்கார் கம்பெனி இந்தியாவின் முதற் சூரிய மின்கலத்தைச் செய்தது. 1980-க்குப் பிந்திய பத்தாண்டுகளில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் வாசுதேவமூர்த்தி முதலியோர் கண்ட முறையைக் கொண்டு, நமது மேட்டூரில் மெட்கெம் ஸிலிக்கான் என்ற கம்பெனி சுத்தமான ஸிலிக்கானைச் சிறு அளவில் உற்பத்தி செய்தது. அதே சமயத்தில் அமெரிக்காவின் ஹெம்லாக் கம்பெனியிடம் முறையை விலைக்கு வாங்கிப் பெரிய ஆலை ஒன்று நிறுவ மத்திய சர்க்கார் யோசித்தனர். சுதேசி முறையா, அந்நிய முறையா என்று பெரும் விவாதம் நடந்தது. முடிவில் பெரிய ஆலையும் எழவில்லை. சிறிய ஆலையும் பெருகவில்லை. இன்று நம் பலகைகளுக்கு வேண்டிய ஸிலிக்கான் தகட்டில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்குகிறது.

நுண்கம்பிக்கு வேண்டிய மூலப்பொருளின் கதையும் இதுவே. காலியம் தனியாக வெட்டியெடுக்கும் உலோகமன்று. பாக்ஸைட் மண்ணிலிருந்து அலுமினா செய்யும்போது கிடைக்கும் உபபொருள். முன்னொரு காலத்தில் ரேணுகூட்டில் ஹிண்டால்கோ கம்பெனியாரும், மேட்டூரில் ஆலை நடத்திய மால்கோ கம்பெனியாரும் அதைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அது நின்றது. 2023 ஆகஸ்ட் 1-ந் தேதி முதல் காலியத்தையும் ஜெர்மானியத்தையும் லைசென்ஸ் இன்றி ஏற்றுமதி செய்யலாகாதென்று சீன சர்க்கார் உத்தரவிட்டனர். 2025 பிப்ரவரியில் இண்டியம் பாஸ்பைடு முதலியவற்றையும் அதே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தனர். இரும்பும் நிலக்கரியும் அல்ல, சில நூறு டன் எடையுள்ள ஓர் உலோகமே உலகத்தின் தொழிற்சாலைகளைத் திடுக்கிடச் செய்தது. 2023-ல் இந்திய சர்க்கார் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் ஜாபிதாவில் காலியம், இண்டியம் இரண்டும் இடம்பெற்றன. ஜாபிதாவில் எழுதிய பெயர் பண்டசாலையில் சேர்ந்த பொருளாகாது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, அலுமினா ஆலைகளில் காலியம் பிரிக்கும் பிரிவை மீண்டும் ஏற்படுத்த வேண்டும்; ஆரம்பத்தில் லாபம் இல்லாவிடினும் சர்க்காரே நிச்சய விலைக்கு வாங்கிச் சேமித்து வைக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம் அளவே வேண்டும் வித்தைக்குச் சிறிய ஆலையும் பெரிய பலன் தரும். இரண்டாவது, பெங்களூர் விஞ்ஞானக் கழகத்திலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் நுண்பொருட் சாலைகள் ஏற்கெனவே உள்ளன. அவற்றுக்கு இரண்டு வருஷத்துக்கொரு தரம் மானியத்துக்காகக் கைநீட்டும் நிலைமை கூடாது. ஸிலிக்கானின்மேல் நுண்கம்பி ஏற்றிய இரட்டை மின்கலம் என்ற ஒரே குறிக்கோளுக்கு, பத்து வருஷத்துக்குக் குறையாத உறுதியான பொருளுதவி வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தைப் பற்றியது. அந்நியரின் பேடண்டுகள் வழியை அடைத்துவிட்டன என்று சிலர் கைசோர்கின்றனர். நமது 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டத்தின் 47-வது பிரிவு, பரிசோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கும் பேடண்ட் பெற்ற முறையை உபயோகிக்க இடம் தருகிறது. பேடண்டின் ஆயுளும் மனுச் செய்த நாள் முதல் 20 வருஷமே. லுண்ட் கம்பெனி தோன்றிய 2008-ம் வருஷத்தையொட்டி மனுச் செய்த உரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும் காலம் நெருங்குகிறது. அன்று கதவு திறக்கும். உள்ளே நுழையத் தேர்ச்சி பெற்றவர்கள் நம்மிடம் இருப்பார்களா என்பதே கேள்வி.

நுண்கம்பி நிச்சயமாக வெல்லும் என்று நாம் ஜோசியம் சொல்லவில்லை. அதற்குப் பலத்த போட்டி உண்டு. 2009-ம் வருஷத்தில் ஜப்பானில் 3.8 பங்கு திறனோடு பிறந்த பெரோவ்ஸ்கைட் மின்கலம், ஸிலிக்கானோடு இரட்டையாகச் சேர்ந்து 2024-ல் 34.6 பங்கை எட்டிவிட்டது. அதைச் சாதித்தது லாங்கி என்ற சீனக் கம்பெனி. வெயிலிலும் ஈரத்திலும் நெடுநாள் நிலைத்து நிற்பதில் பெரோவ்ஸ்கைட் இன்னும் முழு நம்பிக்கை தரவில்லை. நுண்கம்பிக்கு மூலமான கூட்டுப் பொருள்களோ ஆகாயத்தில் பல்லாண்டு உழைத்து நிரூபித்தவை. வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. ஒரு வேளை நுண்கம்பி தோற்பினும், அதில் பழகிய கையும், பிரித்தெடுத்த காலியமும், நிலைபெற்ற பரிசோதனைச் சாலையும் ரேடார், டெலிபோன், செயற்கைக் கோள் ஆகிய பிற தொழில்களுக்குப் பயன்படும். ஆகவே இதிற் போடும் பணம் ஒரே குதிரையின்மேல் வைத்த பந்தயம் ஆகாது.

வெயிலுக்கு நம் தேசத்தில் பஞ்சமில்லை. ஸ்வீடன் தேசத்தாருக்கு வருஷத்தில் பல மாதம் சூரியன் தலைகாட்டுவதே அரிது; அவர்கள் இந்த வித்தையை ஆராய்ந்து நூற்றுக்கு 15.3 பங்கு வரை கொண்டுவந்து வைத்தார்கள். வருஷமெல்லாம் வெயிலில் காயும் நாம், அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாமா? அடுத்த பட்ஜெட்டில் இதற்கென ஒதுக்கும் தொகையை வைத்தே சர்க்காரின் விடையை நாம் அறிவோம். அத்தொகையைக் கேட்டு வாங்கும் பொறுப்பு சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் உள்ள நமது பிரதிநிதிகளைச் சார்ந்தது. கேட்காதவர்களைக் கேட்கும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது.